பின்வாங்கில் வந்த விடைத்தாள்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்தப் பழைய வீடு. கீழ்வீடு பூட்டிக் கிடக்க, மேல்மாடியில் நாகேந்திரம் சேர் வரலாற்று வகுப்பு நடத்தினார். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, பாதி நனைந்தபடி ஹம்சிகா படியேறினாள். மழைக்கு ஊறிய சுவரிலிருந்து கரி நாற்றம் வந்தது. கடைசிநேர செமினாருக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா இந்த மனிசனுக்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

வரலாறு என்றாலே அவளுக்கு வேப்பங்காய். கட்டாயப் பாடம் என்று தலையில் கட்டிவிட்டார்கள், என்ன செய்வது! போனமுறை பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதினையில் ஐந்து பாடத்தில்தான் சித்தியடைந்திருந்தாள். ஆறாவதாக இது கிடைக்காவிட்டால் ஏ.எல். படிப்பு கனவுதான். சோதினையோ திங்கட்கிழமை.

முன்வரிசை வாங்குகளில் இரண்டிரண்டாக ஆறு பேர் இருந்தார்கள். கடைசி வாங்கில் அவள் மட்டும் தனியே.

ஒரு மணித்தியாலம் மாதிரி வினாத்தாள் செய்தார்கள். பிறகு சேர் பலகையில் விடைகளை எழுதத் தொடங்கினார்.

"பக்கத்தில இருக்கிற ஆளோட பேப்பரை மாத்துங்கோ. சிவப்புப் பேனை எடுங்கோ."

பதினொரு வருடப் பள்ளிக்கூடப் பழக்கம் எங்கே விடும்! தலை நிமிராமலே ஹம்சிகா தன் தாளை இடப்பக்கம் தள்ளினாள். அங்கிருந்து ஒரு தாள் அவள் கைக்கு வந்தது.

இடப்பக்கம் ஒருவரும் இல்லை.

முன்னாலிருந்த திலக்ஷனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானோ?

"தம்பி, விளையாடாம என்ர பேப்பரைத் தாரும்," என்று கிசுகிசுத்தாள்.

"நான் எடுக்கேல்லை அக்கா. என்னட்டைத் தாரிகாவின்ர பேப்பர்தான் இருக்கு."

நல்லாத்தான் நடிக்கிறான் என்று நினைத்தாள். முடியட்டும், இவனை ஒரு கை பார்க்கலாம்.

வந்த தாளில் பெயர் இல்லை. ஓரங்கள் மஞ்சளித்திருந்தன. மைப்பேனையால் எழுதிய வட்ட வட்டமான எழுத்து. இந்தக் காலத்தில் யார் மைப்பேனையால் எழுதுகிறார்கள்? விடைகளோ ஒன்றும் பிழையில்லை. சரி போடப் போட ஹம்சிகாவுக்கு எரிச்சலாக வந்தது.

கடைசிக் கேள்விக்கு இருபது புள்ளி: கொழும்பில் நிகழ்ந்த வரலாற்று நிகழ்வொன்றை விளக்குக.

"1983 ஜூலை," என்று தொடங்கியது விடை. "இந்த வீட்டின் மேல்மாடி. நாங்கள் ஐந்து பேர் கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருந்தோம். இருமக் கூடாது என்று அப்பா சொன்னார். படியால் புகை ஏறி வந்தது. தங்கச்சி இருமிவிட்டாள்."

அவ்வளவுதான். அந்த வசனத்துக்குப் பிறகு தாள் வெறுமையாக இருந்தது.

ஹம்சிகா கையை உயர்த்தினாள்.

"சேர்... ஒரு ஆள் புத்தகத்தில இல்லாததை எழுதியிருக்கு."

"புத்தகத்தில இல்லாட்டி புள்ளி இல்லை. பிழை போடும் பிள்ளை," என்றார் அவர், பலகையிலிருந்து திரும்பாமலே.

ஒரு கணம் பேனை தயங்கியது. பாவம்தான். ஆனால் சட்டம் சட்டம்தானே. குறுக்கே கோடிழுத்து, பூச்சியம் போட்டாள்.

வாங்கு அசைந்தது.

இடப்பக்கத்திலிருந்து அவளுடைய தாள் மெதுவாக நகர்ந்து வந்தது. திலக்ஷன் அந்த நேரம் சேரோடு கதைத்துக்கொண்டிருந்தான்.

அவளுடைய சரியான விடைகள்கூட வெட்டப்பட்டிருந்தன. பெயரும் வெட்டப்பட்டிருந்தது. அடியில் அதே வட்ட எழுத்து.

"நீயும் புத்தகத்தில் இல்லை."

ஹம்சிகா பதறி எழுந்தாள்.

"சேர்! இஞ்ச பாருங்கோ!"

சேர் பார்க்கவில்லை. "ஆறு பேரும் பேப்பரைக் கொண்டு வாங்கோ," என்றார்.

அவள் ஓடிப்போய் திலக்ஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான்.

"குளிருது சேர். யன்னலைச் சாத்தட்டே?"

"ஓம், சாத்தும். அந்தப் பின்பக்க லைட்டையும் நிப்பாட்டும். ஆரும் இல்லாத இடத்தில சும்மா எரியுது."

யன்னல் சாத்தப்பட்டது. விளக்கு அணைந்தது.

"சேர், நான் இருக்கிறன்! திங்கட்கிழமை எனக்குச் சோதினை!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

சேர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருட்டில், அவள் காதோரம், களைத்துப்போன ஒரு பெண்பிள்ளையின் குரல் சொன்னது:

"எனக்கும்தான்."