கமலம்மாள் போட்ட காப்பி

கமலம்மாள் செத்துக் கிடந்தாள்!

சமையலறையில்... அடுப்புக்குப் பக்கத்தில். கண்கள் விட்டத்தை வெறித்தன. வாயோரம் நுரை. தலைமாட்டில் கவிழ்ந்த பால் தம்ளர். பக்கத்தில் பிரித்த சூரணப் பொட்டலம்.

அந்தப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தவள் மாதம்மா!

கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து பதினேழு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள். லஷ்கர் மொகல்லாவில் பாதிக் குழந்தைகள் அவள் கையில்தான் பிறந்தன. 1936-ஆம் வருஷத்து அந்தக் காலையில், அதே கைக்கு விலங்கு காத்திருந்தது.

"கொலைகாரி!"

லேகியக் கடை மல்லப்பன். கமலம்மாளின் புருஷன். பாய்ந்து வந்து மாதம்மாவின் கொண்டையைப் பிடித்தான். தலையைச் சுவரில் மோதினான். ஒரு முறை... இரண்டு முறை! நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது.

"விடுய்யா!" இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டசாமி அவனை இழுத்துத் தள்ளினார். "ஏம்மா, இந்தப் பொடி நீ குடுத்ததா?"

"நாந்தானுங்க. மாசாமாசம் ரத்தம் ரொம்பப் போகுதுன்னு அழுதுச்சு. அசோகப் பட்டைச் சூரணம் குடுத்தனுங்க. சாகறதுக்கு அதுல ஒண்ணுமில்லீங்க!"

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. இந்த வருஷம் மூணு பொம்பளைங்க விரல் கறுத்துச் செத்தாங்க. மூணு பேரும் பச்சிலை மருந்து தின்னவங்க. எல்லாம் உன் வேலைதானா? தூக்கு நிச்சயம்!"

மாதம்மாவுக்கு உண்மை தெரியும்.

அந்த மூன்று பேரும் தின்றது மல்லப்பனின் 'மாதர் சஞ்சீவி' லேகியம். 'சுத்த மூலிகை' என்று டப்பாவில் அச்சடித்து விற்கிறான். ஆனால் விரலைக் கறுக்க வைத்தது மூலிகை இல்லை. எர்காட்! பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்க, டாக்டரம்மா அளந்து கொடுக்கும் இங்கிலீஷ் மருந்து. அளவு மீறினால் ரத்தக்குழாய் சுருங்கி விரல் நுனி செத்துப்போகும்.

போன வாரம்தான் கமலம்மாள் அவளிடம் கிசுகிசுத்தாள். "அவரு லேகியத்துல ஊத்தற சீசாவ எடுத்துத் தாரேன் அக்கா. டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க."

இப்போது கமலம்மாளும் இல்லை. சீசாவும் இல்லை!

"சாமி, இவரு லேகியத்துலதான்..."

"சும்னிரு, பேசாத! சாட்சி இருக்கா?"

இல்லை.

"நீர் சொல்லும்" என்றார் இன்ஸ்பெக்டர், மல்லப்பனிடம்.

அவன் கண்ணைத் துடைத்தான். "மூணு நாளா குண்டலுபேட்டையில இருந்தேனுங்க. காலைல மொத பஸ்ஸுல வந்தேன். சிரிச்ச மொகமா கதவத் தொறந்தா. அடுப்ப மூட்டி, தன் கையால காப்பி போட்டுக் குடுத்தா. அப்பறம் இந்தப் பொடியப் பால்ல கலந்து குடிச்சா... துடிச்சா... போயிட்டா சாமி!"

கான்ஸ்டபிள் ஜடையன் விலங்கோடு நெருங்கினான்.

மாதம்மா முகத்தைத் திருப்பினாள். கொல்லைக் கதவு திறந்திருந்தது. மாட்டுக் கொட்டகையை ஒட்டிச் சின்ன அறை. வாசலில் கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தகரத் தட்டு. ஒற்றைச் சொம்பு. கொடியில் தனியாக ஒரு சேலை, இன்னும் ஈரமாக...

அவள் சட்டென்று மல்லப்பன் பக்கம் திரும்பினாள்!

"ஏனுங்க, இன்னொருக்காச் சொல்லுங்க. காப்பி போட்டது யாரு?"

"கமலந்தான்!"

"இந்த அடுப்புலயா?"

"பின்னே, தெருவுலயா?"

"சாமி!" மாதம்மா கத்தினாள். "இந்தப் புள்ள வீட்டுக்குத் தூரமுங்க! அந்தத் தட்டப் பாருங்க. தூரமான பொம்பள உசுரே போனாலும் சமையக்கட்டுக்குள்ள கால் வெக்க மாட்டா. இதுல அடுப்ப மூட்டிக் காப்பியா?"

"ஹௌதா? அப்படியா?" இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

மல்லப்பன் முகம் வெளுத்தது. ஊரில் இல்லாதவனுக்கு அது தெரியாது!

மாதம்மா குனிந்து, பிணத்தின் கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை விலக்கினாள். நீலம் பாரித்த விரல் தடங்கள்!

"கொல்லையில நெரிச்சுக் கொன்னுட்டு, இங்க இழுத்துட்டு வந்து போட்டிருக்கானுங்க! லேகியத்துல இவன் ஊத்தற எர்காட் சீசாவ எடுத்துத் தாரேன்னு இந்தப் புள்ள சொல்லுச்சுங்க, அதுக்குத்தான்!"

மல்லப்பன் அம்மிக் குழவியைத் தூக்கினான். ஜடையனின் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்தது! அடுத்த வீச்சு மாதம்மாவின் தலைக்கு. குனிந்தாள். சுவர்க் காரை உதிர்ந்தது. கையில் சிக்கிய இரும்பு ஊதுகுழலால் அவன் முழங்காலில் ஒரே போடு!

"ஐயோ!"

விழுந்தவன் முதுகில் இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் ஏறியது. கைகளைப் பின்னால் முறுக்கி விலங்கை மாட்டினார்.

"எர்காட் சீசா எங்கடா?"

மல்லப்பன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "திருட்டுச் சிறுக்கி எங்கயோ ஒளிச்சுட்டா. கழுத்தப் புடிச்சும் சொல்லல. வீடு பூரா தேடிட்டேன், எனக்கே கெடைக்கல! லேகியத்துக்கு என்ன சாட்சி வெப்பீங்க?"

"வீடு பூராவா?" மாதம்மா கேட்டாள். "அந்த ரூமு?"

"சீ! தீட்டு ரூமுக்குள்ள எந்த ஆம்பள போவான்?"

மாதம்மாவுக்கு அழுகை பொங்கியது. நேராக அந்த அறைக்குள் போனாள். பாயைச் சுருட்டினாள்.

அடியில் பழுப்பு நிறச் சீசா! மேலே இங்கிலீஷ் லேபிள்!

ஆண் கால் படாத ஒரே இடம். உயிர் போகும்போதும் கமலம்மாள் வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரிதான், பாவம்.

வாசலுக்கு வெளியே தயங்கி நின்ற இன்ஸ்பெக்டரின் கையில் சீசாவை வைத்தாள். பிறகு மல்லப்பனைப் பார்த்தாள்.

"இனி உங்களுக்கும் தனி ரூமு, தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய்தானுங்க. என்ன... நாலாம் நாள் தலைக்கு ஊத்திக்கிட்டு வீட்டுக்குள்ள வர முடியாது!"