அழிக்காத தடங்கள்

"அங்கேயே நில்லுங்க... இன்னொரு அடி எடுத்து வைக்காதீங்க..."

கீழேயிருந்து வந்த அதட்டலில் அவள் அப்படியே நின்றாள். பாம்பு கீம்பு இருக்கிறதோ என்று குனிந்து பார்த்தாள். பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. மணல்மேட்டின் அடியிலிருந்து உச்சிவரை அவளுடைய கால்தடங்கள்தான் வரிசையாக இருந்தன.

விடிகிற நேரம். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பாலைவனத்தைப் பார்க்கிறாள். எல்லோருக்கும் கடைசியாக வண்டியிலிருந்து இறங்கினாள், அந்த மேட்டைப் பார்த்தாள், அவ்வளவுதான்... கால்கள் அவளைக் கேட்காமலே ஓடி ஏறிவிட்டன. உச்சியில் நின்று இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றியும் ஆயிற்று. கீழே ஐந்து பேர் கேமராவுக்கு டிரைபாடை நட்டு, இதே மேட்டைக் குறிவைத்துக் காத்திருந்தது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. வெண்கலக் கடையில் யானை புகுந்தாகிவிட்டது.

நிலக்காட்சிப் படம் எடுக்கச் சொல்லித்தரும் முகாம் அது. அவளோடு சேர்த்து ஆறே பேர். நடத்துகிறவர் அகலத் தொப்பிக்காரி, அதனால் எல்லோருக்கும் 'தொப்பி மேடம்'. முந்தின மாலை அவர் சொன்ன முதல் பாடமே இதுதான்... காற்று இரவெல்லாம் பெருக்கி வைத்த மணலில், படம் எடுத்து முடிக்கும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு தடம் விழுந்தால் போதும், அன்றைய படம் போச்சு. பாடம் நடந்தபோது நம் கதாநாயகி விடுதி ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசடு வழிய இறங்கி வந்தாள். அதட்டியவன் எதிரிலேயே நின்றான். உயரம், மூக்குக்கண்ணாடி, பாலைவனத்திலும் மடிப்புக் கலையாத சட்டை.

"இந்த ஒரு மேட்டுக்காக வருஷா வருஷம் லீவு போட்டுட்டு வர்றேன். இன்னிக்குதான் நான் நினைச்ச வெளிச்சம் வந்துச்சு. கூடவே நீங்களும் வந்துட்டீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இத்தனை பேர் முன்னால் இப்படி முறைத்தால் யாருக்குத்தான் மன்னிப்பு வரும்?

"காத்தடிச்சா தானா அழிஞ்சிடும் சார். நான் என்ன சிமென்ட்லயா நடந்தேன்?"

"காத்து சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் சூரியன் அங்கேயே நிக்குமான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும்... கோபத்திலும் இமைக்காமல் நேராகப் பார்க்கிற கண்கள். படத்தில் அருமையாக விழும் என்று அவளுடைய ஸ்டூடியோ புத்தி அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. சீ, உனக்கு வேளை கெட்ட வேளையில் இது ஒரு கேடா என்று புத்தியை அடக்கிவிட்டு நகர்ந்தாள்.

ஸ்டூடியோ அப்பாவுடையது. பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், குழந்தைக்குப் பொம்மையை ஆட்டிச் சிரிக்க வைக்கிற படம்... இப்போதெல்லாம் எடுப்பது அவள்தான். ஆனால் கடை வாசலில் இருக்கிற கண்ணாடிப் பெட்டியில் இன்றுவரை மாட்டியிருப்பது அப்பா எடுத்த படங்கள் மட்டும். என்னுடையது ஒன்றை மாட்டுங்களேன் என்று அவள் கேட்காத நாள் கிடையாது. போன மாதம்தான் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஆளை நிக்க வச்சு சிரிங்கன்னு சொன்னா யாரும் எடுப்பாங்கம்மா. ஆளே இல்லாம, பாக்குறவன் நின்னு பாக்குற மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வா. மாட்டுறேன்."

அந்த ஒரு படத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

விதி சும்மா இருக்குமா? அன்று மாலையே தொப்பி மேடம் எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றினால் கேமராவுக்குள் மணல் போய்விடும். அதனால் ஒருவர் துணியால் மறைத்துப் பிடிக்க, மற்றவர் மாற்ற வேண்டும். யாரோடு யார் என்று அவர் கை காட்டியபோது, அவள் வேண்டாத தெய்வமில்லை. ஒரு தெய்வமும் கேட்கவில்லை.

காற்று ஊளையிட்டது. அவளுடைய சிவப்புச் சால்வையை இருவர் தலைக்கும் மேலாகப் போர்த்திக்கொண்டு, உள்ளே இரண்டு தலைகளும் முட்டுகிற நெருக்கத்தில்... அவன் லென்ஸைக் கழற்றினான். வெளிச்சம் சால்வை வழியாகச் சிவப்பாக இறங்கியது. அவள் மூச்சுவிடவே யோசித்தாள். கேமராவுக்குத் தூசி போகக் கூடாதே என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டாள்.

"உங்க வலது கண்ணுக்குப் பவர் இருக்கு," என்றான் திடீரென்று.

"என்னது?"

"தூரத்துல பாக்கும்போது அதை மட்டும் சுருக்குறீங்க. நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். தினமும் கண்ணுதான் பாக்குறேன். இது தெளிவா, அது தெளிவான்னு கேட்டு கேட்டு நாக்கு தேஞ்சு போச்சு."

"அப்போ என் கண்ணைப் பாத்தது தொழில்முறையிலன்னு சொல்லுங்க."

அவன் லென்ஸைத் தலைகீழாக மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. அவள் அவனைக் 'கண்ணாடி சார்' என்றாள், அவன் அவளை 'ஸ்டூடியோ' என்றான். டிரைபாட் கால் மணலில் புதையாமல் இருக்க அடியில் அட்டை வைக்கக் கற்றுக்கொடுத்தான். ஆளில்லாத படம் கொண்டுபோனால்தான் அப்பா கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவார் என்று அவள் சொன்னாள். அவன் படங்களில் ஏன் ஒரு ஆள்கூட இல்லை என்று கேட்டாள். ஆள் வந்தால் அழித்துவிடுவானாம். முதல் நாள் படத்தையும் அழித்தாகிவிட்டதா என்றதற்கு, அன்றைக்கே அழித்துவிட்டேன் என்றான். ஏனோ அது சுருக்கென்று தைத்தது. அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்ட ஓய்வுபெற்ற செவிலியர், அவர்களுக்குள் அவர் 'சிஸ்டர் அம்மா', நாடி பிடிக்காமலே நோயைச் சொல்லிவிட்டார். அவள் தலையணையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை, விடுதிச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒவ்வொருவர் படத்தையும் போட்டுக் காட்டினார்கள். அவளுடைய மணல்மேடு வந்தபோது நன்றாக இருக்கிறது என்றார் தொப்பி மேடம். அப்போதுதான் அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"என்ன இருந்தாலும் கல்யாண போட்டோ எடுத்த கை. மணலைக்கூடக் கொஞ்சம் சிரிங்கன்னு நிக்க வச்ச மாதிரி இருக்கு."

அறையே சிரித்தது. அவளும் சிரிப்பது போல உதட்டை இழுத்தாள். அப்பா சொன்ன அதே வார்த்தை... இவன் வாயிலிருந்துமா? மற்றவர் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பாள். இவன் சொன்னதால் எழுந்து போய்விட்டாள். மறுநாள் சிஸ்டர் அம்மாவோடு சேர்ந்துகொள்வதாகவும், படம் எடுத்து முடித்ததும் முதல் வண்டியில் அவரோடே கிளம்பிவிடுவதாகவும் தொப்பி மேடத்திடம் சொல்லிவிட்டாள். தாழ்வாரத்தில் எதிரே வந்தவன் ஏதோ சொல்ல நின்றான். அவள் சுவரைப் பார்த்தபடி கடந்தாள். அவனுக்கும் வீம்பு, கூப்பிடவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. கூரையில் சடசடவென்று சத்தம்... மழை. பாலைவனத்தில் மழை. எல்லோரும் குழந்தைகளாக வெளியே ஓடிக் கையை நீட்டினார்கள். இருவர் மட்டும் ஆளுக்கொரு தூணருகே நின்று, மழையைப் பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்கள் சந்தித்ததும் இரண்டும் மழைக்கே ஓடிவிட்டன.

விடியலில் மணல் அடையாளமே தெரியவில்லை. ஈரத்தில் மேல்மண் இறுகி, ஒரு கீறல் இல்லாமல், கரும்பழுப்பாகப் பரந்து கிடந்தது. இப்படி ஒரு காலை ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம்தான் வாய்க்கும் என்றார் தொப்பி மேடம். மற்றவர்களை அழைத்துக்கொண்டு அவர் பாறைகள் பக்கம் போனார். அவன் தன் பெரிய மேட்டின் எதிரே தனியாகக் கேமராவை நட்டான். மேட்டுக்கு அந்தப் புறம், முதல் வண்டி நின்ற சமதரையில் அவளும் சிஸ்டர் அம்மாவும்.

அவள் முன்னால் தொலைதூர மேடுகள் அலையலையாக விரிந்தன. ஆளே இல்லை. சூரியன் எட்டிப் பார்க்கிற அந்தச் சில நொடிகளுக்குத்தான் காத்திருந்தாள். இதோ, அப்பாவின் கண்ணாடிப் பெட்டிக்கான படம். விரல் பொத்தானைத் தொட்டது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டார்.

"ஏம்மா... அங்க பாரு," என்றார் சிஸ்டர் அம்மா.

திரும்பினாள். பெரிய மேட்டின் உச்சியில் ஒரு உருவம். மடிப்புக் கலையாத சட்டை கலைந்து, கழுத்தில் கேமரா ஆட, அவன் ஓடி இறங்கி வந்துகொண்டிருந்தான். கால் வைத்த இடமெல்லாம் ஈர மணல் உடைந்து, அடியிலிருந்த வெள்ளை மணல் பளிச்சென்று தெரிந்தது. வருஷா வருஷம் காத்திருந்த மேட்டில், இனி யாராலும் மறைக்க முடியாத தடங்கள். பாதியில் ஒரு செருப்பு புதைந்தது. அதை விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு வந்தான்.

சூரியன் எட்டிப் பார்த்தது. முன்னால் அவள் படம், பின்னால் அவன். வெளிச்சமோ ஒரு படத்துக்குத்தான் போதும். கேமராவை அப்படியே திருப்பினாள். கிளிக்.

மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மேட்டுல கால் வச்சுட்டீங்க சார்," என்றாள்.

"தெரியும்."

"இந்த மாதிரி மணல் இனிமே எப்போ கிடைக்குமோ."

"அதுவும் தெரியும். முதல் வண்டியில நீங்க கிளம்புறதா மேடம் சொன்னாங்க. சுத்தி வந்தா வண்டி போயிருக்கும். நீங்களும் போயிருப்பீங்க." மூச்சு வாங்கினான். "நேத்து நான் பேசினது தப்பு. எல்லாரும் சிரிக்கணும்னு சொன்னேன்... நீங்க எழுந்து போனப்புறம்தான் யாரோட சிரிப்பு எனக்கு வேணும்னு புரிஞ்சுது."

அவன் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். திரையில் முதல் நாள் விடியல். நீல வெளிச்சம், மேடு முழுக்கத் தடங்கள், உச்சியில் குட்டியூண்டாக அவள், கைகளை விரித்தபடி.

"அழிச்சுட்டேன்னு சொன்னீங்களே..."

"பொய். தினமும் எடுத்துப் பாத்துக்கிட்டிருக்கேன். வருஷா வருஷம் எடுத்ததுல எல்லாம் மணல் இருக்கு. இதுல மட்டும்தான் ஒருத்தர் சந்தோஷமா இருக்காங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், திரும்ப மாட்டினான். "கடைல தினமும் ஒரே கேள்விதான் கேப்பேன். இப்போ என்னையே கேட்டுப் பாத்தேன். நீங்க இருந்தா தெளிவா, இல்லாட்டி தெளிவான்னு... நீங்க இருந்தாதான். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

வண்டி ஹாரன் அடித்தது. சிஸ்டர் அம்மா ஓட்டுநரிடம் போய், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார்.

அவள் தன் கேமராவை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். பொன் வெளிச்சத்தில், ஒற்றைச் செருப்போடு, வாயைப் பிளந்தபடி அவன். பின்னால் வெள்ளைத் தடங்கள்.

"ஆளில்லாத படம் கொண்டு வான்னாரு அப்பா. இருந்த வெளிச்சம் மொத்தத்தையும் உங்களுக்கே செலவு பண்ணிட்டேன்."

அவன் முகம் வாடிவிட்டது. "அய்யோ... இப்போ கண்ணாடிப் பெட்டில என்ன மாட்டுவீங்க?"

"இதைத்தான். நின்னு பாக்குற மாதிரியும் இருக்கணும்னு சொன்னாரே. நிச்சயமா நின்னு பாப்பாரு. அப்புறம் யாரு இதுன்னு கேப்பாரு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

அவள் வலது கண்ணைச் சுருக்காமல், அவனை நேராகப் பார்த்தாள். இந்தத் தூரத்தில் எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது.

"எனக்குப் பிடிச்சவர்னு சொல்வேன்."