பூட்டிய அறையில் பிளந்த தகடு

காலை 8.10. இரும்பைத் தேய்த்து மட்டமாக்கும் கிரைண்டிங் அறையைத் திறந்து ஆபரேட்டர் உள்ளே போனார். நேற்று மாலை மெஷின் மேல் அவர் வைத்துவிட்டுப் போன அச்சுத் தகடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. நாலு பேர் ஆறு வாரம் உழைத்துச் செய்த தகடு. அறைக்குச் சாவி ஒன்றுதான். அது அவர் சட்டைப் பையில் இருந்தது.

முதலாளிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கீழே போட்டு உடைத்துவிட்டு மழுப்புகிறான் என்றார். பன்னிரண்டு மணிக்கு மேல் இந்த வாசலில் நிற்கக்கூடாது என்றார். பதினெட்டு வருட வேலை. ஒன்பதரைக்குள் ஆபரேட்டருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எங்கேயாவது தட்டிவிட்டோமோ?

10.20. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அறையில் ட்யூப்லைட் கெட்டுப்போய் நாலு நாளாகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிளவைப் பார்த்தார். ஓரத்தில் நகக்கண் அளவு கறுத்திருந்தது. மிச்சமெல்லாம் புத்தம் புதிதாக மின்னியது.

பிறகு கேள்விகள். ஆபரேட்டர் 5.20க்குத் தகட்டை மேக்னட் பெட்டில் வைத்தாராம். சுவிட்சைப் போட்டால் இரும்பைக் காந்தமாக இழுத்துப் பிடிக்கும் மேடை அது. தகட்டில் மயிரிழை வளைவு இருந்தது. அப்படி இருந்தால், அடியில் இடைவெளியை நிரப்பக் காகிதத் துண்டு செருகாமல் அவர் சுவிட்சைத் தொடமாட்டார். காகிதத்தை வெட்டவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அறையைத் திறந்துபோட்டுக் கை கழுவப் போய்வந்து 5.45க்குப் பூட்டினார். வெட்டிய துண்டுகள் இன்னும் மேஜையில்தான் கிடந்தன. எலக்ட்ரீஷியன் 6.10க்கு வெளியே மெயினைப் போட்டார். சூப்பர்வைசருக்குச் சொல்ல ஒரே வரிதான்: ஐந்தரைக்கு எட்டிப் பார்த்தேன், கரண்ட் வரவில்லை, போய்விட்டேன்.

அம்மாள் ஆபரேட்டரை மெஷின் முன்னால் நிறுத்தினார். “காலைல தகட்டை எப்படி எடுத்தீங்க? அப்படியே செஞ்சு காட்டுங்க.”

அவருடைய இடது கை முதலில் கீழே போய் சுவிட்சைத் திருகியது.

“கை ஏன் அங்க போச்சு?”

“அணைச்சாத்தானேம்மா தகடு வரும்?”

“நீங்கதான் அதைப் போடவே இல்லையே.”

ஆபரேட்டர் தன் கையையே பார்த்தார். காலையில் பதற்றத்தில் பழக்கம் போல் அணைத்திருக்கிறார். சுவிட்சு ஏன் போட்டிருந்தது என்று யோசிக்கவே இல்லை.

“சுவிட்சு போட்டபடி கிடந்திருக்கு,” என்றார் அம்மாள். “மெயின் வந்ததும் காந்தம் வளைஞ்ச தகட்டை ஒரே மூச்சா கீழ இழுத்திருக்கு. அந்தக் கறுப்பு, உலையில காய்ச்சும்போதே விழுந்த பழைய கீறல். இழுக்கிற இழுப்பெல்லாம் கீறலோட நுனியிலதான் போய் முட்டும். அங்கேருந்து பிளந்துடுச்சு. பூட்டின அறைக்குள்ள யாரும் வரல, கரண்ட்தான் வந்தது.”

பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். “கரண்ட் வரலன்னு எதைப் பார்த்து சார் தெரிஞ்சுக்கிட்டீங்க? இங்க லைட்டு எரியறதில்லையே.”

அந்த அறையில் எரியக்கூடியது மேக்னட் பெட்டின் சிவப்பு விளக்கு ஒன்றுதான்; அதுவும் சுவிட்சைப் போட்டால்தான். சூப்பர்வைசர் சுவிட்சைக் காட்டினார்.

“நான்தான் போட்டுப் பார்த்தேன். எரியல. திருப்பி அணைக்காம போயிட்டேன்.”

கரண்ட் போனால் சுவிட்சைத் தட்டிப் பார்க்காத மனிதர் யார்? உலையில் விழுந்த கீறலுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கும் என்று அம்மாள் எழுதிக்கொண்டார். மணி 11.40. ஆபரேட்டரை மெஷினுக்குப் போகச் சொன்னார் முதலாளி.

ஆபரேட்டர் வாசல்வரை அம்மாள் கூடவே போனார். “இத்தனை வருஷத்துல நான் எப்படி வேலை செய்யறேன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தாம்மா.” கும்பிட்டார்.

“எனக்கு எதுக்கு நன்றி? நான் ஊகிச்சதுதான். சூப்பர்வைசர் இல்லைன்னு சாதிச்சிருந்தா என்னால நிரூபிச்சிருக்க முடியாது,” என்று சொல்லிவிட்டு அம்மாள் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ஆபரேட்டர் திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் தனியாக உட்கார்ந்திருந்தார். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றிண்ணே.”