கயிறு வாங்குமுன் கேட்க வேண்டியது

மணியை அவள் இரண்டாம் முறை அடித்து முடிப்பதற்குள் கடலிலிருந்து ஹாரன் சத்தம் பதிலாக வந்துவிட்டது.

அதற்குள்ளாகவா? அக்கரை டிக்கெட் குமாஸ்தா இப்போதுதான் போனை வைத்திருந்தார். "படகு கிளம்பிடுச்சும்மா. உன் தங்கச்சி குழந்தையோட உள்ள உக்காந்திருக்கு. பனி பயங்கரமா இருக்கு, மணியை மட்டும் விட்டுடாதே" என்று சொல்லியிருந்தார். எவ்வளவு விரட்டினாலும் இக்கரைக்கு வந்து சேர அரை மணி நேரமாவது பிடிக்கும்.

டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு டீ போட ஒரு யுகம் எடுத்துக்கொள்வதால் தீவில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

"என்னம்மா, இவ்வளவு சீக்கிரமாவா?"

"எஞ்சின் புதுசாச்சேண்ணே."

"எஞ்சின் புதுசு. ஓட்டுறவன் பழசுதானே" என்று சொல்லிவிட்டு அவர் பாலை ஆற்றப் போனார்.

அவள் சிரித்தாள். சாயங்கால வெளிச்சத்தைப் பனி தின்று தீர்த்துவிட்டிருந்தது. கடல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமை நின்றது. படகுத்துறைப் பாலத்தில் பாதிக்கு அப்பால் பாலமே இல்லை. அவள் மறுபடி மணியின் கயிற்றை இழுத்தாள். இரண்டு அடி, சற்று இடைவெளி, இரண்டு அடி.

பார்க்கப்போனால் இது என்ன பெரிய துறைமுகம்! ஒரு கான்கிரீட் பாலம், ஒரு தகரக் கொட்டகை, மேசை நாற்காலி போட்ட ஓர் அறை, அந்த மணி, அவ்வளவுதான். ஆனால் தீவுக்கு வேறு வாசல் கிடையாது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், வாத்தியார், தபால் பை, புதுப்பெண், ஓட்டுப் பெட்டி எல்லாம் இங்கேதான் வந்து இறங்கும். வேலை தேடிப் போகிறவனும், பிரசவத்துக்குப் போகிறவளும் இங்கேதான் ஏற வேண்டும். துறையை மூடினால் தீவே மூச்சை நிறுத்திவிடும்.

கான்கிரீட் வருவதற்கு முன்னால் பலகைத்துறை இருந்தது, வடக்கே பாறைகளை ஒட்டி. நீர் வற்றும்போது அதன் மரக்கால்கள் இன்றும் சொத்தைப் பற்கள் மாதிரி வெளியே தெரியும். அந்தக் காலத்தில் ஒருநாள் இப்படித்தான் பனி. மணியடிக்கிறவன், இனிமேல் படகு எங்கே வரப்போகிறது என்று பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். படகு பாறையில் ஏறியது. விடிய விடிய படகில் இருந்தவர்கள் கூப்பிட்டது வீடு வீடாகக் கேட்டதாம். அந்தப் பனியில் காப்பாற்ற ஊரில் ஒருவரும் கடலில் இறங்கவில்லை.

அதற்கப்புறம் துறையில் இரண்டு விதிகள் வந்தன. படகைக் கட்டும்வரை மணியை நிறுத்தக்கூடாது. அப்புறம், கயிறு வாங்குமுன் "யாரு?" என்று கேட்க வேண்டும், படகோட்டி தன் பெயரைச் சொன்ன பிறகுதான் கயிற்றைத் தொடலாம். இரண்டாவது எதற்கு என்று அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டாள். மீன்பிடிப் படகுகள் இங்கே வந்து கட்டாமல் இருக்கத்தான் என்றார்கள். அவளும் நம்பினாள். வெயில் காய்கிற மத்தியானத்தில்கூட கேட்பாள். "இத்தனை வருஷமா பாக்குறே, இன்னும் என் பேரு தெரியலையா?" என்று படகோட்டி கிண்டல் செய்துவிட்டுத்தான் பெயரைச் சொல்வான்.

ஹாரன் மறுபடி கேட்டது. மிக அருகில்.

எஞ்சின் சத்தம் இல்லை. அணைத்துவிட்டு மிதந்து வருகிறான் போலிருக்கிறது. டீசல் வாடையும் இல்லை. அதற்குப் பதில் பல நாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தது போல ஒரு வாடை. மரம் முனகும் ஓசை. எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மனசு முந்திக்கொண்டு ஓடியது. அம்மா போனபின் அவள்தான் தங்கையைப் பாப்பா என்று கூப்பிட்டு வளர்த்தாள். அந்தத் தங்கைக்கு மூன்று குழந்தைகள் வயிற்றிலேயே போயின. இது தங்கியது. அந்த முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

பனிக்குள் ஒரு படகின் முனை கறுப்பாகத் தெரிந்தது. அவளுக்கு ஆசை பொங்கியது.

"பாப்பா! வந்துட்டியாடீ?"

"வந்துட்டேன்."

கயிறு வந்து காலடியில் விழுந்தது. மணியை விட்டாள். கயிற்றை வாரியெடுத்து இரும்புக் குற்றியில் சுற்றி இறுக்கினாள். கை தானாகச் செய்தது.

கடையிலிருந்து அவசரத்தின் குரல் வந்தது. "ஏம்மா... யாருன்னு கேட்டியா?"

அவள் குற்றியிலிருந்து நிமிர்ந்தாள்.

கையைப் பார்த்தாள். படகுக் கயிறு நைலான். இது தேங்காய் நார். பாசி பிடித்து வழவழத்தது. உள்ளங்கையெல்லாம் பச்சை.

"கேக்கலையா?" என்றார் அவர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஷட்டர் தடதடவென்று இறங்கியது. பின்பக்கமாக ஓடும் காலடிச் சத்தம். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனுஷன் அவசரப்பட்டார்.

அப்போதுதான் தொலைவில் இன்னொரு ஹாரன் கேட்டது. நீளமாக. எங்கே இருக்கிறாய் என்று கேட்பது போல.

எஞ்சின் சத்தத்தோடு.

ஐயோ.

அவள் மணியிடம் ஓடினாள். இழுத்தாள். சத்தமில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். ஏதோ தடுத்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

மணியின் நாக்கை ஒரு கை பிடித்திருந்தது. அதன்மேல் இன்னொரு கை. அதன்மேல் இன்னொன்று. ஊறி வெளுத்த கைகள். தகரக் கொட்டகை நிறைய ஆட்கள். யாரும் இடிக்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. இறங்கிய பயணிகள் போல வரிசையாக நின்றார்கள். உடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"விடுங்க! உங்க கால்ல விழறேன், விடுங்க!"

விடவில்லை.

அப்போது மணி அடித்தது.

இங்கே அல்ல. வடக்கே. பாறைப் பக்கம். இரண்டு அடி, சற்று இடைவெளி, இரண்டு அடி. அவள் அடிக்கிற மாதிரியே.

ஹாரன் சந்தோஷமாகப் பதில் சொன்னது. எஞ்சின் சத்தம் திரும்பியது. வடக்கே.

"அங்க இல்ல! இங்க! பாப்பா, இங்க வா!"

பனி அவள் குரலை அவளிடமே விட்டுவிட்டது. கரையோரமாக ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

பனி கொஞ்சம் விலகியது.

பழைய துறையின் மரக்கால்கள். அவற்றின்மேல் பலகை இல்லை. ஆனாலும் ஒருத்தி நின்றிருந்தாள். அவளுடைய அதே உயரம். அவளுடைய புடவை. அவளுடைய கொண்டை. குனிந்து, இரண்டு கைகளையும் கடலை நோக்கி நீட்டியிருந்தாள்.

படகின் விளக்கு நேராக அந்த உருவத்திடம் வந்துகொண்டிருந்தது. முனையில் தங்கை நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, முதல்ல இவனைப் பிடி" என்று துணிச் சுருளை அந்தக் கைகளில் கொடுத்தாள்.