சிரோக்கோவில் திறந்த ஜன்னல்

காலை ஏழு மணி. சிரோக்கோ காற்று செம்புழுதியை வாரி இறைக்க, பலேர்மோ நகரமே ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தது.

சாட்சியை போலீஸ் மறைத்துவைத்திருந்த வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் ரோசால்பா மாடியேறி வந்தாள். கூடவே கமிஷனர் ஷிமேக்கா. உள்ளே இருப்பவன் காஸ்பாரே, மீன் ஏலக்காரன். மாஃபியாவுக்குச் சாட்சிகளின் பெயரை விற்கும் போலீஸ் அதிகாரி யாரென்று அவனுக்குத் தெரியும். நீதிபதியிடம் மட்டுமே சொல்வேன் என்று அடம்பிடித்தவன். இன்றுதான் கோர்ட்.

ராத்திரி முழுக்க வாசலில் இருந்த காவலர் வீட்டோ பூட்டைத் திறந்தான்.

காஸ்பாரே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. போர்வையெல்லாம் புழுதி.

"தூங்குறதப் பாரு, புது மாப்பிள்ளை மாதிரி!" என்று ரோசால்பா ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"மூடாதம்மா. கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்," என்றார் கமிஷனர்.

அவள் திரும்பி வந்து காஸ்பாரேயின் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

அவசரமாக வரவழைத்த டாக்டர் காஸ்பாரேயின் உதட்டைப் புரட்டிப் பார்த்தார். "மாரடைப்பு இல்ல. தலையணையை வெச்சு அமுக்கியிருக்காங்க."

"வீட்டோ, ராத்திரி ஜன்னல்?"

"நானே தாழ்ப்பாள் போட்டேன் மேடம்."

"உள்ளே யார் போனது?"

"கமிஷனர் சார் மட்டும். விடியறதுக்கு முன்னாடி."

"அப்போ குறட்டை விட்டுட்டிருந்தான்," என்றார் ஷிமேக்கா. "அப்புறம் எவனோ ஜன்னல் வழியா இறங்கியிருக்கான். தாழ்ப்பாளை எடுத்துவிட்டது யாரு? எவ்வளவுடா வாங்கினே, வீட்டோ? இவன உள்ள தள்ளும்மா. காஸ்பாரே பொண்டாட்டி நின்ஃபாவுக்கும் அந்தப் பேர் தெரியும். அவளை நானே என் கார்ல வேற எடத்துக்குக் கொண்டு போறேன். இப்பவே."

வீட்டோவின் முகம் வெளுத்தது. ரோசால்பாவுக்குப் பொறி தட்டியது.

"ஒரு நிமிஷம் சார். ஜன்னலை மூடாதேன்னு ஏன் சொன்னீங்க?"

"காத்து வரட்டும்னுதான்."

"சிரோக்கோ காத்தா? ஈரத்துணியை ஜன்னல் இடுக்குல சொருகுற நாள் சார் இது! வீட்டோ, இந்தப் புழுதியிலயும் நம்ம ஆளுங்க ஜன்னலைத் திறக்கிறது எப்போ?"

வீட்டோ சிலுவை போட்டுக்கொண்டான். "சாவு வீட்ல மேடம். உசிரு வெளிய போகணும்ல?"

"கேட்டீங்களா? அப்போ நான் அவனைத் தொடக்கூட இல்ல. தூங்குறான்னு கேலி பண்ணிட்டிருந்தேன். அவன் செத்தது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? கொன்னதும் நீங்க, கொன்ன கையாலேயே ஜன்னலைத் திறந்ததும் நீங்க. பேர் வித்த ஆளும் நீங்கதான்!"

கமிஷனரின் கை இடுப்புக்குப் பாய்ந்தது. வீட்டோ அதைவிட வேகமாகப் பாய்ந்தான். துப்பாக்கி கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.

"எம் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் அவன்," என்று முனகினார் ஷிமேக்கா, தரையில் கிடந்தபடி. "அவன் உசிரை எப்படி உள்ளே போட்டு அடைப்பேன்?"

ரோசால்பா நின்ஃபாவுக்கு போன் போட்டாள்.

"யார் வர்றது? கமிஷனரா?" என்றாள் நின்ஃபா.

"இல்லக்கா, நான். அவருக்கு விலங்கு மாட்டியாச்சு."

"அப்போ... எங்க வீட்டுக்காரர் போயிட்டாரா?"

"போயிட்டார்க்கா."

"சரி. வேற எங்கயும் வேணாம், நேரா கோர்ட்டுக்கு வண்டிய விடு. அவர் சொல்ல இருந்ததை நான் சொல்றேன்."