வருஷம் அறுபத்தெட்டு

"உங்க கடையில காபி சூடாத்தான் இருக்கு... வைஃபைதான் செத்துக் கிடக்கு."

கெங் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன், வடிகட்டியில் ஊற்றிக்கொண்டிருந்த வெந்நீரை நிறுத்த மறந்துபோனான். காபி வழிந்து மேடையெல்லாம் ஓடியது.

எதிரே நின்றவள் பாதி நனைந்திருந்தாள். நெற்றியில் ஒட்டிய முடி, மார்போடு அணைத்த துண்டுக்குள் ஒரு டேப்லெட், இமையில் விழுவோமா வேண்டாமா என்று நின்ற ஒரு மழைத்துளி... அந்தக் கண்களில் இருந்தது கோபம்தான். ஆனால் கோபத்துக்குக்கூடக் குடியிருக்க இவ்வளவு அழகான இடம் கிடைக்குமா என்று அவனுக்குத் தோன்றியது.

ஆற்றோர ஊரான காந்தாங்கில் யார் வேண்டுமானாலும் கெங்கின் காபியைக் குறை சொல்லலாம். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி டின் பாலை ஊற்றிக் கொடுப்பான். வைஃபையைச் சொன்னால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது. ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை வரைக்கும் இவன் கடை வேகம் வேறெங்கும் இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவனே சொல்வான்.

"செத்துக் கிடக்கா? அந்த மூலையில சித் மாமா புறாப் பாட்டுப் போட்டி நேரலையில பாக்கறாரு. ஒரு தடவைகூட நிக்கல. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"அப்போ உங்க வைஃபைக்குப் புறாவைத்தான் பிடிக்கும் போல... மனுஷங்களைப் பிடிக்காது."

சித் மாமா காதிலிருந்து இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். அவர் காது புறாவுக்கும் வம்புக்கும் மட்டும் திறக்கும்.

"பைலின், சண்டை போடாதே. மணி ஆகுது." நகைக்கடை கொடுத்த பெரிய காலண்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவள் அம்மா பதறினாள். வன்னா அம்மா, அக்கரைக்காரி. "ஹாட்யாய் டவுன்லேருந்து வீடியோ கால் வரும் தம்பி. என் சிநேகிதி பையன். பல் டாக்டர். இவளைப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒத்துவந்தா இந்த மழைக்காலம் முடிஞ்சதும் நிச்சயம் வெச்சுடலாம்னு..."

பல் டாக்டரா... கெங் தன் பற்களை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

"வீட்லயும் இதே கதைதான். சுத்திச் சுத்தி நிக்குது. அதான் படகேறி இங்க வந்தோம்" என்றாள் வன்னா அம்மா.

"உங்க போன்ல பேசலாமே?" என்றான் பைலினிடம்.

"வீட்லயே மறந்துட்டேன்." அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கவனமெல்லாம் டேப்லெட்டில். அவனுக்கு இப்போது அது மானப் பிரச்சினை.

கையைத் துடைத்துக்கொண்டு அவளருகே உட்கார்ந்தான். வைஃபையை அணைத்துப் போட்டான். டேப்லெட்டையே அணைத்து எழுப்பினான். சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன, ஒன்றும் திறக்கவில்லை. சித் மாமா முன்பே போட்டுக் கொடுத்திருந்த இணைப்பை அழித்துவிட்டு, பாஸ்வேர்டை முதலிலிருந்து போடப் போனான்.

"பாஸ்வேர்டு சொன்னா நானே போடுவேனே..." என்றாள்.

"சத்தமாச் சொல்ல முடியாது. எதிர்க்கடை ஆளுங்க கேட்டுடுவாங்க."

"அவ்வளவு ரகசியமா?"

அவன் குனிந்து காதருகே சொன்னான். அவன் பூனையின் பெயர்தான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மழை வாசனைக்கு நடுவே மெல்லியதாக ஒரு மல்லிகை வாசனை... கெங்குக்கு அந்தப் பூனையின் பெயரே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

அப்போதும் சரியாகவில்லை. கடையின் ரௌட்டரையே அணைத்துப் போட்டான். "டேய், புறா இப்பத்தான்டா வாயைத் திறந்துச்சு" என்று சித் மாமா அலறினார். அதுவும் வீண். கடைசியில் தன் போனிலிருந்து இணைப்பைப் பகிர்ந்து பார்த்தான். அதிலும் அதே கதை.

"பாத்தீங்களா... என் வைஃபை மேல தப்பில்ல" என்றான் நிம்மதியாக.

"ரொம்ப சந்தோஷம். அப்போ எழுந்து போகலாமா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை... ஏதோ விடுதலை மாதிரி இருந்தது. அதையும் அவன் கவனிக்கவில்லை. ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். 'இது பாதுகாப்பானதல்ல' என்று ஒரு எச்சரிக்கை வந்தது. கெங் நிமிர்ந்தான். கை தானாகத் தேதி இருக்கும் இடத்துக்குப் போனது.

2068.

தலைக்கு மேலே காலண்டர் 2568 என்றது. புத்தர் கணக்கு. ஊரில் அறுபத்தெட்டு என்றால் எல்லோருக்கும் அதுதான். டேப்லெட் ஓடுவதோ கிறிஸ்து கணக்கில். அங்கே இது 2025.

"நான்தான் தம்பி வெச்சேன்..." வன்னா அம்மாவின் குரல் இறங்கியது. "அலமாரியில சார்ஜ் இல்லாம கிடந்துச்சு. எழுப்பினா ஏதோ பழைய வருஷம் காட்டுச்சு. இது அறுபத்தெட்டுதானே... அறுபத்தெட்டுல முடியற மாதிரி ஒண்ணு இருந்துச்சு. வெச்சுட்டேன். தப்பா?"

பக்கத்து மேஜையில் பள்ளிக்கூடப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித் மாமா சிரிக்கத் தயாராகிவிட்டார். பைலினின் முகம் சிவந்தது. அம்மாவைப் பார்த்து நாலு பேர் சிரிக்கப் போகிறார்களே என்று தவித்தாள்.

"தப்பே இல்லம்மா" என்றான் கெங், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இந்த வருஷம் அறுபத்தெட்டுதான். நீங்க சரியாத்தான் வெச்சீங்க. இதைச் செஞ்சவங்கதான் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம செஞ்சுட்டாங்க. ஒவ்வொரு பக்கமும் உள்ள விடறதுக்கு ஒரு அடையாள அட்டை காட்டும். அதுல கடைசித் தேதி இருக்கும். இதுவோ நாற்பத்து மூணு வருஷம் தள்ளி நிக்குது. எல்லா அட்டையும் காலாவதின்னு நினைச்சுக் கதவைச் சாத்திடுச்சு. அவ்வளவுதான்."

"ஓ..." வன்னா அம்மா தலை நிமிர்ந்தாள். "பாத்தியாடி, நான் வெச்சது சரிதானாம்."

சித் மாமா சிரிப்பை விழுங்கிவிட்டுப் புறாவிடம் திரும்பினார்.

பைலின் அவனையே பார்த்தாள். எத்தனை பேர் அம்மாவைத் திருத்தியிருக்கிறார்கள்... ஒருவர்கூட அம்மாவின் தலையை நிமிர்த்திவிட்டுத் திருத்தியதில்லை. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"தானாவே நேரம் பாத்துக்கற வசதியை ஏன் அணைச்சு வெச்சிருக்கீங்க?" என்றான் கெங்.

"எங்க வீட்ல எல்லாக் கடிகாரமும் கால் மணி நேரம் முன்னாடி ஓடும் தம்பி. இல்லேன்னா படகைப் பிடிக்க முடியாது."

அவன் சிரித்துக்கொண்டே அதைப் போட்டுவிட்டான். தேதி ஓடிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அடுத்த நொடியே டேப்லெட் மணியடித்தது. ஹாட்யாய்.

வன்னா அம்மாவின் முகம் பூவாய் மலர்ந்தது. கெங் வெற்றி வீரனைப்போல் பைலினைப் பார்த்தான். அந்தக் கண்களில் நன்றி இல்லை. என்ன இருந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

போகும்போது வாசலில் குடையை விரித்தபடி சொன்னாள். "கெங்... பேருக்கு அர்த்தமே கெட்டிக்காரன்தானே... இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் கம்மியா கெட்டிக்காரரா இருந்திருக்கலாம்."

மழைக்குள் அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான், மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு உறைத்தது. மறந்துட்டேன் என்ற போன்... எழுந்து போகலாமா என்ற குரல்... அடப்பாவி, நான் என்ன காரியம் பண்ணினேன்?

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அதற்கடுத்ததும். "உன் கடையில பேசினா முகம் பளிச்சுன்னு தெரியுது தம்பி" என்பாள் வன்னா அம்மா. அவள் தன் சிநேகிதியோடு ஊர்க்கதை பேசும் நேரத்தில் பைலின் மேடையருகே வந்து நிற்பாள். அக்கரைப் பள்ளியில் டீச்சர். வந்த இடத்திலும் கணக்கு வாத்தியார் வேலைதான்.

"இந்தக் கிளாஸ்ல காபி ஒரு விரல் குறையுது."

"உங்க கிளாஸ்ல மட்டும் டின் பால் கூட ஊத்தியிருக்கேன். அதான் காபிக்கு இடமில்ல."

"எனக்கு மட்டும் எதுக்குக் கூட?"

"...கோபக்காரங்களுக்குக் கொடுக்கணும்னு கடை விதி."

அவள் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளையும் எழுந்து நடமாடுகிறோமோ என்று கெங்குக்குத் தோன்ற ஆரம்பித்தது. பிறகு மணி அடிக்கும். திரையில் அந்த டாக்டர், நத்தபோங், வெள்ளைப் பல் தெரியப் புன்னகைப்பார். பாவம், நல்ல மனிதர். அதுதான் கெங்குக்கு இன்னும் வலித்தது. கெட்டவனாக இருந்தால் வெறுத்தாவது தொலைக்கலாம்.

ஒரு நாள் வன்னா அம்மா சீர் ஊர்வலத்துக்கு மேளம் சொல்வதைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தது. அவனுக்குள் ரோஷம் தலைதூக்கியது. இன்னொருத்தன் கல்யாணப் பேச்சுக்கு நான் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பதா...

"பைலின்... உங்க வீட்டு ரௌட்டரை நானே அக்கரைக்கு வந்து சரிபண்ணித் தரேன்" என்றான். "மழையில நீங்க அலைய வேண்டாம் பாருங்க."

அவள் கிளாஸை மெதுவாக வைத்தாள். "நாங்க வர்றது தொந்தரவா இருக்கா?"

"அப்படி இல்ல... கல்யாணப் பேச்சு... வீட்ல வெச்சுப் பேசினா நல்லா இருக்குமேன்னு..."

"புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது."

திரும்பும் படகில் பைலின் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றில் மழை விழுந்து புள்ளி புள்ளியாகக் கரைந்தது. சீக்கிரம் கட்டிக்கொண்டு போய்த் தொலை என்கிறானா... நாம்தான் கிளாஸில் கூடுதலாக விழுந்த டின் பாலைப் பார்த்து ஏமாந்துவிட்டோமா? கண்ணில் நின்றதை மழை என்று சொல்லிக்கொண்டாள். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு காலண்டருக்குக் கீழ் மேஜை காலியாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் காலிதான். யாரோ அங்கே உட்கார வந்தபோது, "அது ஆட்டம் காணுது, வேற மேஜைக்குப் போங்க" என்று பொய் சொல்லி அனுப்பினான் கெங்.

"மேஜை ஆடல. நீதான் ஆடிக்கிட்டிருக்கே" என்றார் சித் மாமா. "ரோஷம் பாத்தவன் காபியை ஆறவிட்டுத்தான் குடிக்கணும்டா."

பிறகு ஒரு மாலை. வார நாள். கூரைத் தகரத்தில் மழை தாளம் போட, கடையில் சித் மாமாவைத் தவிர ஆளில்லை. வாசலில் ஒரு குடை மடங்கியது.

பைலின். தனியாக. துண்டு சுற்றிய அதே டேப்லெட்டை மேடையில் வைத்தாள்.

"வேலை செய்யல."

"உக்காருங்க..." அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "வீட்ல எல்லாம் சௌக்கியமா? நிச்சயம்..."

"முதல்ல இதைப் பாருங்க."

அவன் வைஃபையை அணைத்துப் போட்டான். கோடுகள் முழுசாக நின்றன, ஒன்றும் திறக்கவில்லை. டேப்லெட்டை அணைத்து எழுப்பினான். இணைப்பை அழித்தான். பூனையின் பெயரை இம்முறை அவளே போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கெங் தேதியைத் திறந்தான்.

தானியங்கி நேரம் அணைக்கப்பட்டிருந்தது. வருஷம், 2068.

"அம்மா மறுபடியும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். வன்னா அம்மாவாக இருந்தால் கடிகாரம் கால் மணி நேரம் முன்னால் ஓடியிருக்க வேண்டும். இது சரியான நிமிஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்தான். அவள் கண்கள் கீழே போயின.

"அம்மா மாத்தல" என்றாள். "நான்தான் மாத்தினேன்."

கெங்கின் விரல் திரையிலிருந்து விலகியது.

"டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன்... வேண்டாம்னு. அவர் நல்லவர். சொன்னதுக்கு நன்றின்னார். அம்மாதான் பேசவே இல்ல. ஒரு வாரம் கழிச்சு, யாரு அதுன்னு கேட்டாங்க. சொன்னேன்." அவள் குரல் உடைந்து சிரித்தது. "'அந்தக் காபிக்காரத் தம்பியா... அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி என்னைத் தலைகுனிய விடலையே'ன்னாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல. இன்னிக்குக் குடையை எடுத்துக் கையில கொடுத்ததே அவங்கதான்."

கெங் மேடைமேல் சாய்ந்தான். "நான்... உங்களை வர வேண்டாம்னு சொன்னது..."

"கெட்டிக்காரத்தனம். தெரியும்." அவள் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வருஷத்தின் மேல் விரலை வைத்தாள். "இதைச் சரிபண்ண அவசரம் இல்ல. ஒண்ணு கேக்கணும். இந்த வருஷம் வந்தா எனக்கு அறுபத்தொன்பது வயசு. அப்போ இந்தக் கடை இருக்குமா?"

"...இருக்கும்."

"எனக்கு டின் பால் கூட ஊத்துவீங்களா?"

"ஊத்துவேன். நமக்குப் பல்லு இருக்குமாங்கறதுதான் சந்தேகம்."

"அதுக்கு ஹாட்யாய்ல எனக்கு ஒருத்தரைத் தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன. இமையில் மறுபடியும் ஒரு துளி, விழுவோமா வேண்டாமா என்று...

"நீங்க இருப்பீங்களா?" என்றாள், மிக மெல்லிசாக.

கெங் அந்த விரலின் மேல் தன் கையை வைத்தான். "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, பைலின். முதல் நாள் காபியை வழியவிட்டேனே... அப்பலேருந்து. நீ வெச்ச வருஷம் சரிதான். அது வரைக்கும் இருப்பேன்."

மூலையில் சித் மாமா இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, ரொம்பக் கவனமாகப் புறாவைப் பார்த்தார். புறாப் போட்டி ஞாயிற்றுக்கிழமைதான் என்பது அவருக்கும் தெரியும்.