இரண்டாவது சோதனைத் தாள்

காலை ஏழு மணிக்கு அமலோற்பவம் வெடிமருந்தை அழிக்கும் சிதைகலனின் முன் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். எண்ணூறு மீட்டர் தள்ளியிருந்த அவள் வீட்டு வாசல் அதில் தெரிந்தது. மகள் பனிமலர் வெளியே வந்து கையை உயர்த்தினாள். கலனின் பூட்டு திறந்தது. மகளுக்கு நான்கு வயதானதிலிருந்து, பதினான்கு வருடமாக இதுதான் நடைமுறை.

பார்ப்பவர்களுக்குத் தாயும் மகளும் கொஞ்சிக்கொள்வது போலிருக்கும். அப்படியொன்றும் இல்லை. கழிவு வெடிமருந்தை அழிப்பவரின் குடும்பம் வெடி எட்டும் தூரத்துக்குள்தான் வசிக்க வேண்டும், கையிருப்பு தீரும்வரை வேலியைத் தாண்டக் கூடாது என்பது உடனுறைச் சட்டம். பிள்ளை வாசலில் நிற்பது தெரிந்தால்தான் கலன் திறக்கும்; அப்போதுதான் அழிப்பவரின் கை கவனமாக இருக்குமாம். அதை எழுதிய புண்ணியவான்கள் வெகு தூரத்தில் குடியிருந்தார்கள்.

"அம்மா, பெட்டி கட்டியாச்சு," என்றாள் பனிமலர் ஒலிபெருக்கியில். "இன்னைக்குக் கடைசி மருந்துதான?"

"ஆமா மக்கா. சாயங்காலம் வேலியத் தாண்டிரலாம்."

பனிமலர் பிறந்தது வேலிக்குள். வெளியே எதையும் அவள் பார்த்ததில்லை.

பழைய குண்டுகளிலிருந்து எடுத்த மருந்தை அமலோற்பவம் இயந்திரக் கையால் சூடான காரக் கரைசலில் கரண்டி கரண்டியாகப் போட்டாள். அவசரப்பட்டால் சூடு எகிறிவிடும். பிறகு கலனும் இருக்காது, வாசலும் இருக்காது. கரைசல் செம்பழுப்பானது. மருந்தின் சுவடே இல்லை என்று சோதனைத் தாள் காட்டிய பிறகும் இன்னொரு தாளை நனைத்துப் பார்த்தாள். அந்த இரண்டாவது தாளைச் சட்டம் கேட்கவில்லை. வாசலில் நிற்கும் பிள்ளைக்காக அவளாகச் செய்தது.

மாலையில் மேற்பார்வையாளர் இசக்கியப்பன் ஒரு உத்தரவோடு வந்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"நாப்பது நாட்டு மருந்தும் இனி இங்கதான் வருதாம், தாயி. முதல் கப்பல் துறைமுகத்துல நிக்கு. மத்த எல்லா எடத்துலயும் வெடிச்சிருக்கு. நம்ம கலன்லதான் ஒரு பிசகுகூட இல்லையாம்."

"எத்தன வருஷத்துக்கு அண்ணாச்சி?"

"அறுவது. பனிமலருக்கும் வேலையப் பழக்கச் சொல்லிருக்காவ."

"ஒரே ஒரு பிசகு நடந்திருந்தா?"

"நம்மள வெளிய விட்டிருப்பாவ."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஒரு தடவைகூடப் பிசகாத தன் கைகள்மேல்தான் ஆத்திரம் வந்தது.

மூன்றாம் நாள் காலை புது மருந்து கலனருகே வந்துவிட்டது. ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டால் போதும், சின்னதாக ஒரு வெடிப்பு, இந்த இடத்தின் நல்ல பெயர் போய்விடும். ஆனால் அது சின்னதாகவே நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

திரையில் பனிமலர் வந்தாள். கட்டிய பெட்டி பிரிக்கப்படாமல் வாசலிலேயே கிடந்தது. கையை உயர்த்தினாள்.

பூட்டு திறந்தது. அமலோற்பவம் அரைக் கரண்டி மட்டும் அள்ளினாள்.